வெளிப்பூச்சுக்கு மட்டும்

கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியோரம் ஒரு கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. வெளிப்பூச்சுப் பொருட்கள் மேற்பார்வைச் சபையின் பிராந்தியக் கந்தோர் அதுதான். மனிதர்கள் தங்கள் தோலின்மேல் பூசுகிற, தடவுகிற, தேய்க்கிற எல்லாவற்றையும் மேற்பார்வை செய்வது அந்தச் சபையின் கடமை. எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். அவர்களிடம் ஒரு வட்ட ஸ்டிக்கர் இருக்கிறது. அதில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று அச்சடித்திருக்கும். கடைக்கு வருகிற ஒவ்வொரு டப்பியிலும் அதை ஒட்டுவார்கள். ஒட்டிவிட்டால் மேற்பார்வை முடிந்தது. டப்பியைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்தால் மூடி பழுதாகிவிடும், பழுதானதை விற்க முடியாது, விற்காத பொருளை மேற்பார்வை செய்யத் தேவையில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம்.

என் பெயர் வீரையா. வட்டக்கச்சிச் சங்கக்கடையில் நெடுங்காலம் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். அரிசி மூடையைக் குத்தூசியால் குத்திப் பாராமல் ஒரு நாளும் லொறியிலிருந்து இறக்கினவன் இல்லை. அதனால் இந்த ஸ்டிக்கர் கதையை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரிக்கக்கூடிய நிலைமையில் இருந்தேன்.

என் தங்கை ஞானேஸ்வரிக்கு ஒரே பிள்ளை, பிரேமிளா. தகப்பன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். பிள்ளை வளர்ந்து, ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குப் போய், தாயையும் பார்த்துக்கொண்டு இருந்தாள். உருத்திரபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பிரதீபன் நல்ல பொடியன், அவனில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவனுடைய தாயார்தான் எங்கள் வீட்டில் இரண்டாவது வடையையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, “பிள்ளை நல்ல பிள்ளை. கொஞ்சம் வெளிச்சம் காணாது” என்றார்.

எங்கள் அப்பா எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். காடு வெட்டி, கிணறு வெட்டி, வெயிலில் நின்றே எங்களை வளர்த்தார். எங்கள் எல்லோருடைய நிறமும் ஒன்றுதான், அதைப் பற்றி நாங்கள் யோசித்ததே கிடையாது. ஆனால் பிரேமிளா குசினிக்குள் நின்று அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டாள். அடுத்த கிழமை அவளுடைய கண்ணாடிக்கு முன்னால் ‘நிலாமுகம்’ என்ற வெள்ளை டப்பி ஒன்று வந்து உட்கார்ந்தது. மூடியில் சபையின் ஸ்டிக்கர் இருந்தது.

பொய் சொல்லக்கூடாது, பிள்ளை வெளுத்தாள். தொழிற்சாலைப் பெண்கள் எல்லோரும் எங்கே வாங்கினது என்று கேட்கும் அளவுக்கு வெளுத்தாள். பிறகு ஒரு நாள் விடிய எழும்பும்போது கண் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. சிறுநீர் சவர்க்காரத் தண்ணீர்போல நுரைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

டொக்டர் சரீபா முல்லைத்தீவுப் பெண். தேவையில்லாமல் ஒரு வார்த்தை கதைக்க மாட்டார். பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, “என்ன பூசுறனீங்கள்?” என்று மட்டும் கேட்டார். பிரேமிளா டப்பியைக் காட்டினாள்.

“இதில பாதரசம் கிடக்குமெண்டு நான் நினைக்கிறன். அது முகத்தில நிக்காது தங்கச்சி. தோலால உள்ளுக்க போய், ரத்தத்தில கலந்து, சிறுநீரகத்தில போய் இருந்திடும். உங்கட சிறுநீரகம் இப்ப ஒழுகத் தொடங்கியிட்டுது. இண்டைக்கே இதை விடுங்கோ.”

“நினைக்கிறீங்களோ டொக்டர், இல்லாட்டி நிச்சயமோ?” என்று பிரேமிளா கேட்டாள்.

“சோதிச்சாத்தான் நிச்சயம். அதுக்கு எங்களிட்ட மெசின் இல்லை. சபையிட்டக் குடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கோ.”

பிரேமிளா கிறீமை விட்டாள். விட்டதும் வீக்கம் வற்றத் தொடங்கியது. ஆனால் முகம் முன்பு இருந்ததைவிடக் கறுத்துப் போனது. கல்யாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து அழுதாள். தாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

“அம்மா, கூடாத சாமானெண்டா கடையில விக்க விடுவினமோ? ஸ்டிக்கர் ஒட்டிக் கிடக்கு, பாருங்கோ. டொக்டருக்கே நிச்சயமில்லை. சபை கூடாதெண்டு சொல்லட்டும், நான் பிறகு தொட்டும் பாக்க மாட்டன்.”

அந்த ஒற்றை வார்த்தைக்காகத்தான் ஞானேஸ்வரி சபைக்குப் போனாள். நட்டஈடு கேட்கவில்லை, வழக்குப் போடவில்லை. கூடாது என்று சபை தன் வாயால் ஒருமுறை சொன்னால் போதும், பிள்ளை பிழைத்துவிடுவாள். நான் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் காவலாளி என்னையும் பதிவு செய்தார். முறைப்பாட்டுக்காரர், சாட்சி, வாகனம் என்று அவரிடம் மூன்று பிரிவுகள்தான் இருந்தன. நான் ஒன்றும் காணாதவன் என்பதால் சாட்சி இல்லை, ஆகவே வாகனம். கடைசிவரை அந்தக் கந்தோரில் நான் வாகனமாகவே இருந்தேன். வாகனங்கள் உள்ளே வரலாம், கதைக்கக் கூடாது.

நேசமலர் என்ற எழுதுவினைஞர் எங்களைக் கதிரையில் இருத்தி, “முறைப்பாடு வெளிப்பக்கமோ, உட்பக்கமோ அம்மா?” என்று கேட்டார்.

“வெளியில பூசினது, உள்ளுக்க வருத்தம்” என்றாள் ஞானேஸ்வரி.

நேசமலர் பேனையைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். இரக்கம் உள்ள பெண் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரக்கத்தோடு எழும்பிப் போய்ப் பணிப்பாளரின் கதவைத் திறந்துவிட்டார்.

பணிப்பாளர் ஜெயந்தன் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார், நாங்கள் இந்தப் பக்கம். எட்டித் தொடக்கூடிய தூரம். ஆனாலும் அவர் ஒலிவாங்கியை வாய்க்கு நேரே இழுத்து, தட்டிப் பார்த்து, அதில்தான் பேசினார்.

“மதிப்புக்குரிய அம்மா! தோல் என்றால் என்ன? தோல் என்பது மதில். இயற்கை அன்னை எமது உடலைச் சுற்றிக் கட்டிய மதில். மதிலுக்கு நாம் வெள்ளை அடிக்கிறோம். வீட்டுக்குள் இருக்கும் கிழவருக்கு அதனால் இருமல் வருமா? வராது! பூசிய பொருள் பூசிய இடத்திலேயே இருக்கும் என்ற நம்பிக்கையின் மீதுதான் இந்தச் சபை கட்டி எழுப்பப்பட்டிருக்கிறது. பூசியது உள்ளே போகும் என்று நீங்கள் சொன்னால், அம்மா, இந்தக் கட்டடம் எதற்கு? இந்த வாகனம் எதற்கு? நான் எதற்கு?”

நியாயமான கேள்விகள்தான். ஆனால் வாகனம் பேசக்கூடாது.

ஞானேஸ்வரி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு யோசித்தாள். அவள் எதிர்த்துக் கதைக்கிறவள் இல்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள்.

“ஐயா, எனக்கு முதுகில ஒரு செல் குண்டுத் துண்டு கிடக்கு. கடைசிச் சண்டையில, கடற்கரையில பிள்ளைக்கு மேல கவுண்டு படுத்திருக்கேக்க பட்டது. எடுத்தா ஆபத்தெண்டு விட்டிட்டினம். தோல் மதிலெண்டா அது எப்பிடி ஐயா உள்ளுக்க வந்தது?”

பணிப்பாளர் ஒலிவாங்கியை மூடிவிட்டு ஒரு சுற்றறிக்கையைப் புரட்டினார். பிறகு திறந்தார்.

“அது பூசப்பட்ட பொருள் அல்ல அம்மா. எறியப்பட்ட பொருள். எறியப்படும் பொருட்கள் எமது சபைக்குள் அடங்கா.”

“அப்ப அதுக்கு எந்தச் சபை ஐயா?”

“அதற்கு இன்னும் சபை அமைக்கப்படவில்லை.”

பேசிய களைப்பில் அவர் லாச்சியைத் திறந்து தலைவலித் தைலம் எடுத்து நெற்றியில் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டார். “இதைப் பூசினால்தான் மண்டைக்குள்ளே இருக்கிற குத்து நிற்கும்” என்று எங்களுக்கும் சிபாரிசு செய்தார். அந்தப் போத்தலிலும் ஸ்டிக்கர் இருந்தது. உட்பக்கத்து வருத்தம் என்றால் வீதிக்கு அங்கால் போய்க் கேளுங்கள் என்று அனுப்பி வைத்தார்.

வீதிக்கு அங்கால் இருப்பது உட்கொள்ளும் பொருட்கள் மேற்பார்வைச் சபை. அங்கே சாருஜன் என்ற இளம் அலுவலர் எழும்பி நின்று எங்களை வரவேற்றார். அந்தப் பணிவுக்கு நான் அரைவாசி மயங்கிப் போனேன்.

“மகள் இந்தக் கிறீமைச் சாப்பிட்டவாவோ அம்மா?”

“இல்லைத் தம்பி. பூசினவள்.”

“ஒருக்காவும் சாப்பிடேல்லையோ? தவறுதலாவெண்டாலும் வாய்க்க போயிருக்காதோ?”

“இல்லை.”

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

“அம்மா, நான் உங்களுக்கு உதவி செய்யத்தான் பாக்கிறன். ஒரு கரண்டி, ஒரேயொரு கரண்டி. மகளைக் கூட்டிக்கொண்டு வந்து எனக்கு முன்னால குடுங்கோ. நாங்கள் உடன பாரமெடுப்பம். கொழும்புக்கு அனுப்பிச் சோதிப்பம். கைக்கிறதெண்டா தேன் கலந்து குடுக்கலாம், அதுக்கு அனுமதி இருக்கு.”

ஞானேஸ்வரி டப்பியை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள்.

“இதில தோல்தான் அம்மா பிரச்சினை” என்று அவர் குரலைத் தாழ்த்தினார். “தோலுக்கு மேல இருக்கிறது அவையின்ர. தோலுக்குக் கீழ எங்கட. தோல் ஆரின்ரயெண்டு கொழும்பில கூட்டம் நடக்குது.”

“எப்ப தம்பி முடியும்?”

“முதல் கூட்டத்திலயே தேத்தண்ணி எந்தச் சபை குடுக்கிறதெண்டு கொளுவுப்பட்டு எழும்பிப் போட்டினம்.”

மறுபடி வீதியைக் கடந்தோம். பிரேமிளாவின் டப்பியைக் கொடுத்து, இதைச் சோதியுங்கள் என்று கேட்டாள் ஞானேஸ்வரி. திறந்த டப்பியை ஏற்க முடியாது, யார் எதைக் கலந்தார்களோ என்றார்கள். கடைக்குப் போய்த் திறக்காத டப்பி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தோம். பணிப்பாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இன்னும் யாருடைய தோலிலும் படவில்லை, படாத பொருளை வெளிப்பூச்சு என்று சட்டம் கருதாது என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஞானேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணை, சத்தம் போடாதேங்கோ. அந்த ஒரு சொல்லுக்காகத்தானே வந்தனாங்கள்” என்றாள்.

அவளுடைய விடாப்பிடிக்குப் பலன் கிடைத்தது. ‘நேரடித் தோல் பரிசீலனை’ ஒன்று நடத்துவதாகச் சபை அறிவித்தது. அந்தப் பிராந்தியத்தில் அதுதான் முதல் தடவையாம். ஆகையால் விழாவாகச் செய்தார்கள். வாசலில் வாழை கட்டினார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள். பாடசாலைப் பிள்ளைகள் முகம் முழுக்கப் பவுடர் அப்பி வரவேற்பு நடனம் ஆடினார்கள். முக்கியமானவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அவர்கள் தங்களுக்குள்ளேயே மாறி மாறிப் போர்த்திக்கொண்டார்கள். இத்தனைக்கும் நடுவில் பிரேமிளா சோடித்த கதிரை ஒன்றில், பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெட்கத்தோடு இருந்தாள். நீண்ட நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன். தன் முகத்தைப் பற்றி இத்தனை பெரிய மனிதர்கள் கூடிக் கதைத்தால் எந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும்.

நேசமலர் டப்பியைத் திறந்தார். ஞானேஸ்வரி பதறி எழும்பினாள்.

“ஐயா, வேண்டாம் ஐயா! இதைப் பூசக்கூடாதெண்டுதானே டொக்டர் சொன்னவா!”

“அம்மா, பூசாமல் பூச்சை எப்படி விசாரிப்பது?” என்றார் பணிப்பாளர் ஒலிவாங்கியில். சபை சிரித்தது.

நேசமலர் பிரேமிளாவின் முகத்தில் வெள்ளையாகப் பூசினார். பிறகு எல்லோரும் தேநீர் இடைவேளைக்கு எழும்பினார்கள். ரோல்ஸ், பட்டிஸ், வாழைப்பழம். சாப்பிட்டு, கை கழுவி, படம் எடுத்து, ஒருவரை ஒருவர் விசாரித்து முடித்துத் திரும்பி வரும்வரை பிள்ளை அசையாமல் அதே கதிரையில் இருந்தாள். பணிப்பாளர் புதுப் பஞ்சு ஒன்றை எடுத்து அவளுடைய நெற்றி, கன்னம், நாடி எல்லாம் அழுத்தித் துடைத்தார். பஞ்சை உயர்த்திக் காட்டினார். அதில் ஒன்றுமே இல்லை. கைதட்டல் எழுந்தது.

“நண்பர்களே! இந்தப் பொருளில் தீமை இருக்கிறது என்றார்கள். இருந்தால் அது எங்கே இருக்க வேண்டும்? பூசிய இடத்தில் இருக்க வேண்டும். பூசிய இடத்தில் எதுவுமே இல்லை என்பதை நீங்கள் கண்ணால் கண்டீர்கள். இல்லாத பொருள் எப்படித் தீமை செய்யும்? எமது சபை எதையும் மறைக்கவில்லை. மறைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை!”

ஞானேஸ்வரி மறுபடி எழும்பினாள்.

“ஐயா, இவா பூசினதை நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள்தானே. அப்ப அது எங்க போனது?”

அந்த ஒரு கணம் எனக்கு நம்பிக்கை வந்தது. ஒருவராவது யோசிப்பார் என்று நினைத்தேன்.

“அம்மா, இருப்பதை மேற்பார்ப்பதுதான் எமது பொறுப்பு” என்றார் பணிப்பாளர். “காணாமல் போனதைத் தேடுவது எமது வேலை அல்ல.”

“அது தெரியும் ஐயா” என்றாள் ஞானேஸ்வரி. “என்ர மனிசனையும் தேடித் திரிஞ்சனான்தானே.” உட்கார்ந்துவிட்டாள்.

சான்றிதழைச் சட்டம் போட்டே கொடுத்தார்கள். ‘நிலாமுகம் தீங்கற்றது எனத் தோலின்மேல் உறுதிசெய்யப்பட்டது.’ பிரேமிளா அதை வாங்கி, ஓட்டோவில் வீடு வரும்வரை மடியில் வைத்து வாசித்துக்கொண்டே வந்தாள். கூடாது என்ற வார்த்தையை வாங்கப் போன தாய் பக்கத்தில் வெளியே பார்த்தபடி இருந்தாள்.

“மாமா, சபையே சொல்லிப்போட்டுது, பாத்தீங்களே” என்றாள் பிள்ளை.

“சபையைத் தூக்கிக் குப்பையில போடு. டொக்டர் சொன்னதைக் கேள்” என்று நான் சத்தம் போட்டேன்.

அவள் என்னோடு கோபிக்கவில்லை. “உங்களுக்கும் அம்மாவுக்கும் என்ர நிறம்தான் மாமா. ஆனா உங்களை ஒருத்தரும் வந்து பாத்து, வெளிச்சம் காணாதெண்டு சொல்லேல்லை” என்றாள்.

விட்ட நாட்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று அவள் காலையும் மாலையும் பூசினாள். தாய் டப்பியை ஒளித்தால் இன்னொன்று வாங்கினாள். சான்றிதழைக் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்தாள். முகம் வெளுத்தது, கால்கள் வீங்கின. தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், பிறகு எழும்பவில்லை.

டொக்டர் சரீபா வெளியே வந்து எங்களோடு ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தார். “காலில கட்டின ரத்தம் நெஞ்சுக்குப் போய் அடைச்சுப்போட்டுது அம்மா. சிறுநீரகம் ஒழுகினா ரத்தம் கட்டும்” என்றார். பிறகு ஞானேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அந்தக் கதை முழுவதிலும் தன் வேலையைச் செய்த ஒரே உத்தியோகத்தர் அவர்தான்.

கல்யாணம் ஆகாத பிள்ளை. வாங்கி வைத்திருந்த கூறைச் சேலையையே உடுத்தினோம். கூட வேலை செய்த பெண்கள் விடியவே வந்து தலை வாரி, பூ வைத்து, மணப்பெண்ணாகச் சோடித்தார்கள். பிள்ளையின் முகம் மங்கிக் கிடந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு விருப்பமான கிறீம் என்று, கண்ணாடிக்கு முன்னால் இருந்த டப்பியை எடுத்துத் தடிப்பாகப் பூசிவிட்டார்கள். அன்பினால் செய்ததுதான். ஞானேஸ்வரி அப்போது தன் நினைவில் இல்லை, நான் பந்தல் வேலையில் நின்றேன்.

பின்னேரம் சபையின் வாகனம் வந்தது. எங்கள் கண்ணீர் அஞ்சலிப் பதாகையைவிடப் பெரிய பதாகை ஒன்றை அவர்கள் வாசல் படலையில் கட்டினார்கள். பணிப்பாளர் ஜெயந்தன் மலர்வளையத்தோடு இறங்கி, நேரே ஒலிவாங்கிக்குப் போனார்.

“செல்வி பிரேமிளா எமது சபையால் பரிசீலிக்கப்பட்ட முதலாவது தோல். அவரது பிரிவு எமக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. இறுதிவரை அவரது வெளிப்புறம் எந்தக் குறையும் இன்றி இருந்தது என்பதே எமக்கு ஆறுதல்.”

பிறகு மலர்வளையம் வைக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பிள்ளையின் கன்னத்தைக் கிட்டப் பார்த்தார். விரலால் தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது.

“இது எப்போது பூசியது?” என்று கேட்டார்.

“விடிய, சேர்” என்றாள் ஒரு பெண்.

அவர் திரும்பி, கூட வந்திருந்த நேசமலரிடம் பஞ்சு கேட்டார். நேசமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சேர், இஞ்ச வேண்டாம் சேர்” என்றார். பணிப்பாளர் நீட்டிய கையை மடக்கவில்லை. நேசமலர் பையைத் திறந்து பஞ்சைக் கொடுத்தார். இரக்கம் உள்ள பெண் என்று முன்னமே சொன்னேன்.

பணிப்பாளர் கன்னத்தைத் துடைத்துப் பஞ்சை உயர்த்தினார். பஞ்சு முழுக்கக் கிறீம். அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“பாருங்கள்! விடியப் பூசியது. இப்போது பின்னேரம். பூசியது பூசியபடியே மேலே கிடக்கிறது! தோல் ஒரு துளியையும் உறிஞ்சவில்லை. இதைத்தானே நாங்கள் ஆரம்பம் முதல் சொல்லி வந்தோம்? படம் எடுங்கள், படம் எடுங்கள்.”

எனக்கு அவரைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும்போல இருந்தது. அதற்குள் ஞானேஸ்வரி எழும்பினாள்.

“உறிஞ்ச ஆளில்லை ஐயா” என்றாள். “பிள்ளை செத்துப்போனாள்.”

பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, இரண்டு உள்ளங்கையாலும் மகளின் முகத்தைத் துடைத்தாள். நெற்றியிலிருந்து நாடிவரை, காது மடல்வரை, குளிப்பாட்டுகிற மாதிரித் துடைத்தாள். வெள்ளை எல்லாம் கைக்கு வந்தது. கிறீம் எட்டாத காதோரத்தில் எங்கள் பிள்ளையின் நிறம் தெரிந்தது. எங்கள் அப்பாவின் நிறம். எவ்வளவு வடிவான பிள்ளை.

வாய்க்கரிசி போட்டார்கள். பெட்டியைத் தூக்கினோம். பெண்கள் படலையோடு நிற்க வேண்டும். சனம் நிறைந்து கிடந்ததால் சபையின் வாகனம் வெளிக்கிட முடியாமல் அங்கேயே நின்றது. ஞானேஸ்வரி அதன் யன்னலுக்கு நேரே போய் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள்.

“இதையும் ஒருக்காத் துடைச்சுப் பாருங்கோ ஐயா.”

பணிப்பாளர் கடமை தவறாதவர். இன்னொரு பஞ்சை எடுத்து அவளுடைய உள்ளங்கைகளைத் துடைத்தார். பஞ்சைத் திருப்பிப் பார்த்தார்.

“ஒன்றும் இல்லையே அம்மா.”

“ஓம் ஐயா. நீங்கள் பாக்கேக்க அவளின்ர முகத்திலயும் ஒண்டும் இருக்கேல்லை.”

அவர் அந்தப் பஞ்சையும் ஒரு பையில் போட்டு ஒட்டினார். “தாயாரிடமும் எதுவும் காணப்படவில்லை” என்று நேசமலரிடம் சொன்னார். யன்னல் மூடிக்கொண்டது. நான் பெட்டியோடு சுடலைக்குப் போனேன்.

எல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோது பெண்கள் கிணற்றடியில் அவளைச் சுற்றி நின்றார்கள். தலை முழுகச் சொன்னால் முழுகுகிறாள் இல்லை, கையைக் கழுவக்கூட விடுகிறாள் இல்லை, நீங்களாவது சொல்லுங்கள் என்றார்கள். நான் வாளித் தண்ணீரோடு கிட்டப் போனேன். அவள் இரண்டு கைகளையும் பொத்தி நெஞ்சோடு வைத்திருந்தாள்.

“அது நஞ்சு தங்கச்சி. கழுவு” என்றேன்.

“விடுங்கோ அண்ணை” என்றாள். “பிள்ளையின்ர முகத்தில கிடந்தது. உள்ளுக்க போகட்டும்.”